ஒளிர்பொருள்: பாஸ்பருக்கும் பாஸ்பரஸுக்கும் என்ன உறவு?

ஒளியை வாங்கி வேறு ஒளியாகத் திருப்பித் தரும் பொருளை ஆங்கிலத்தில் 'பாஸ்பர்' என்பார்கள். அந்தச் சொல்லைப் படித்ததும் பாஸ்பரஸ் நினைவுக்கு வருவது இயல்பு. 'பாஸ்பரஸ் பூசிய விளக்கு' என்று மொழிபெயர்ப்பதும் நடக்கிறது. அது பிழை. வெள்ளை எல்இடியில் உள்ள மஞ்சள் தூள் பெரும்பாலும் சீரியம் கலந்த இட்ரியம் அலுமினியம் கார்னெட். அதன் வாய்பாட்டில் பாஸ்பரஸுக்கு இடமே இல்லை.

கிரேக்கத்தில் 'போஸ்' என்றால் ஒளி, 'போரோஸ்' என்றால் ஏந்தி வருவது. இரண்டும் சேர்ந்த 'போஸ்போரோஸ்' விடிவெள்ளிக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோனியாவில் வின்சென்சோ காஷியரோலோ என்ற செருப்புத் தொழிலாளி பாரைட் என்ற பேரியம் சல்பேட் கல்லைக் கரியோடு சுட்டார். வெயில் காட்டி எடுத்தால் இருட்டில் ஒளிரும் பேரியம் சல்பைடு கிடைத்தது. இப்படி ஒளிர்ந்தவற்றுக்கெல்லாம் பாஸ்பரஸ் என்ற பெயர் வழங்கியது. 1669இல் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரிலிருந்து பிரித்த தனிமமும் இருட்டில் மின்னவே, பெயர் அதற்கே நிலைத்துவிட்டது. ஆனால் அந்தத் தனிமம் மின்னுவது ஆக்சிஜனோடு வினைபுரிவதால். கல் ஒளிர்வது வாங்கிய ஒளியைத் திருப்பித் தருவதால்.

தமிழில் 'ஒளிர்பொருள்' பொருத்தமான சொல். ஒளிர்ந்த, ஒளிர்கின்ற, ஒளிரும் பொருள் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. 'நின்றொளிர் பொருள்' என்பதை எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. தூண்டும் ஒளி நின்ற பிறகும் ஒளிர்வதே நின்றொளிர்தல். நிறமாலை அளவீட்டில் அந்தக் குணம் கேடு: விளக்கை அணைத்து இருள் அளவை எடுக்கும்போது தூள் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தால், அந்த மிச்ச ஒளி ஒவ்வொரு அளவிலிருந்தும் தவறாகக் கழிக்கப்படும். குரோமியம் கலந்த துத்தநாகக் காலேட் போன்றவை உண்மையிலேயே நின்றொளிர்பவை. அவற்றுக்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

நிறமாலை அளவீட்டுக்கு இந்த ஒளிர்பொருள்கள் உதவுவது அண்மை அகச்சிவப்பில். அது ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரை. (கண்ணுக்கு நிறமே தெரியாத பகுதியை 'நிறமாலை' என்பது முரண்தான். ஆனாலும் சொல் ஊன்றிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.) நீர், கொழுப்பு, சர்க்கரை, புரதம் ஆகியவற்றின் மூலக்கூறுகள், தம் அதிர்வுகளின் மேற்சுரங்களுக்கு (அடிப்படை அதிர்வெண்ணின் ஏறத்தாழ மடங்குகளுக்கு) உரிய ஒளியை இங்கே உட்கவர்கின்றன. நீரின் ஒரு பட்டை 970 நானோமீட்டரை ஒட்டி வருகிறது. இவற்றைப் படிக்க அகன்ற பட்டை ஒளி வேண்டும். சாதாரண அகச்சிவப்பு எல்இடியின் பட்டை 30 முதல் 50 நானோமீட்டர்தான். ஹாலஜன் விளக்கு அகலமாகத் தரும், ஆனால் சூடும் அளவும் கையடக்கக் கருவிக்கு ஒத்துவராது. 450 நானோமீட்டர் நீல எல்இடியின் மேல் அண்மை அகச்சிவப்பு ஒளிர்பொருளைப் பூசினால் 100 நானோமீட்டருக்கு மேல் அகன்ற பட்டை கிடைக்கும். விலை உண்டு: 450ஐ 800ஆக மாற்றும்போது ஒரு ஒளித்துகளின் ஆற்றலில் 56 விழுக்காடே மிஞ்சும், மற்றது வெப்பம்.

இந்த மாற்றத்தை அதிகம் செய்வது +3 நிலைக் குரோமியம். ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகி இடத்தில் அது அமரும். மாணிக்கத்தில் அலுமினியத்தின் இடம் சிறியது, படிகப் புலம் (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம்) வலியது. அதனால் 694 நானோமீட்டரில் கூரிய கோடு. ஸ்காண்டியம் போன்ற பெரிய அயனியின் இடத்தில் புலம் தளர்ந்து, 800ஐ ஒட்டி அகன்ற பட்டை வரும்.

அப்படிப்பட்ட படிகமான ஸ்காண்டியம் போரேட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்காண்டியத்தில் 2 விழுக்காட்டைக் குரோமியமாக்கி ஏறத்தாழ 2.08 கிராம் செய்ய, ஸ்காண்டியம் ஆக்சைடு 1.352 கிராம், குரோமியம் ஆக்சைடு 0.030 கிராம், போரிக் அமிலம் 1.237 கிராம் தேவை. போரான் ஆவியாகிக் குறையும் என்பதால் போரிக் அமிலத்தை 5 விழுக்காடு கூட்டி 1.30 கிராமாகப் போட வேண்டும். அகேட் கல்வத்தில் எத்தனால் விட்டு அரைத்து, 500 டிகிரி செல்சியஸில் நீரை வெளியேற்றி, மறுபடி அரைத்து, 1200 டிகிரியை ஒட்டி சில மணி நேரம் சுட வேண்டும். முதல் சூட்டை விட்டுவிட்டால் கலவை நுரைத்துப் பொங்கி மூசையைத் தாண்டும். குரோமியத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் அயனிகள் தமக்குள் ஆற்றலைக் கடத்தி வீணாக்கும், ஒளி மங்கும். ஜெர்மனேட், சிலிகேட் படிகங்களில் நான்முகி இடங்களும் உண்டு. +4 நிலைக் குரோமியம் அங்கே புகுந்து, நாம் விரும்பும் ஒளியையே விழுங்கிவிடும்.

செய்த தூளைக் கண்ணால் மதிப்பிட முடியாது. அதன் ஒளி கண்ணுக்கு மங்கிய சிவப்பாக மட்டுமே தெரியும். நிறமாலைமானியிலும் ஒரு பொறி இருக்கிறது. 900 நானோமீட்டரில் கூரிய முகடு தெரிந்தால் மகிழ வேண்டாம். அது தப்பி வந்த 450 நானோமீட்டர் நீல ஒளியின் இரண்டாம் வரிசை விளிம்பு விளைவாக, அதாவது கருவி அந்த ஒளியை இரு மடங்கு அலைநீளத்திலும் காட்டும் போலி முகடாக இருக்கலாம். நீண்ட அலைகளை மட்டும் விடும் வடிகட்டியை முன்னால் வைத்தால் அது மறையும். உண்மை முகடு மறையாது. அடுத்தது உணரி: 1000 நானோமீட்டருக்கு அப்பால் சிலிக்கானின் உணர்திறன் சரிந்துவிடும். அதைத் திருத்தாத வரைபடத்தில் பட்டையின் வால் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். விளக்கு சூடேறியதும் ஒளியும் சற்றுக் குறையும். ஆகவே மற்ற அளவுகளை ஒப்பிட வெள்ளைத் தகட்டில் எடுக்கும் அளவை, விளக்கு நிலையான வெப்பத்தை அடைந்த பிறகே எடுக்க வேண்டும்.