முதல் மோட்டார் படகு: எஞ்சினுக்கு முன்னால் அடியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் முதன்முதலாகப் படகு வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் எத்தனை ஹார்ஸ்பவர்?" அடுத்தது, "எத்தனை பேர் உட்காரலாம்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இரண்டுக்கும் பதிலைத் தீர்மானிப்பது படகின் அடிப்பக்கம். டிரெய்லர் மேல் நிற்கும் படகைப் பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து அதைத்தான் பார்ப்பேன். மெத்தை இருக்கை, பாட்டுப் பெட்டி, மேற்கூரை எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடியை மாற்ற முடியாது.

சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் பம்போட் எனும் சிறிய பயணிப் படகில் போயிருப்பீர்கள். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், நிதானமாக ஓடும். அது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் வகை. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கித்தான் எந்தப் படகும் மிதக்கிறது. இந்த வகைப் படகு ஓடும்போதும் அதே அளவுத் தண்ணீரை ஓயாமல் இருபுறமும் ஒதுக்கியபடியே நகர்கிறது. ஒதுங்கும் தண்ணீர் அலையாக எழுகிறது. படகின் வேகம் கூடக் கூட, அது எழுப்பும் அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது.

ஒரு கட்டத்தில் அந்தத் தூரம் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். முன்பக்கம் ஒரு முகடு, பின்பக்கம் அடுத்த முகடு, நடுவில் படகு. இதற்கு மேல் வேகம் கூட்டினால் பின்பக்க முகடு படகை விட்டுப் பின்தங்கிவிடும். பின்பகுதி பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். தான் எழுப்பிய அலையின் மீதே படகு ஏற வேண்டியிருக்கும். வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1870களில் டார்க்கீ நகரில் நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, மெழுகு மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்து இந்தத் தடையை முறையாக அளந்தார். நீரில் படியும் நீளம் 5 மீட்டர் உள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், அதாவது கடலில் வேகத்தைச் சொல்லும் கணக்கில் 5.4 நாட். பெரிய எஞ்சின் வைத்தாலும் விலக்கிச் செல்லும் படகு இந்த எல்லையைத் தாண்டத் திணறும், எண்ணெய்தான் கரையும்.

5 நாட் நமக்குப் போதாதா? குசு தீவு சிங்கப்பூரின் முதன்மைத் தீவிலிருந்து சுமார் 5.6 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவார்கள், நல்ல பயணம்தான். சிக்கல் நீரோட்டத்தில் இருக்கிறது. நம் கடலில் ஏற்றமும் வற்றமும் தினமும் இரண்டு முறை வரும்; பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 3 மீட்டர் அளவுக்குக்கூட ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் தீவுகளுக்கு நடுவிலுள்ள குறுகிய வாய்களில் புகுந்து போகிறது. எதிரே 3 நாட் ஓட்டம் வந்தால் உங்கள் 5 நாட் படகு தரைக்கணக்கில் 2 நாட்தான் நகரும். பிற்பகலில் இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தபடி 2 நாட்டில் திரும்பி வருவதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் இங்கே விற்கும் சிறிய குடும்பப் படகுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை: தண்ணீர்மேல் எழுந்து வழுக்கிப் போகிறவை. தட்டையான ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் சாய்வாக வீசித் தவளை விடுவோமே, அதே விதிதான். வேகமாக வரும் சாய்ந்த பரப்பு தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளும். தண்ணீர் அதைத் திருப்பி மேலே தள்ளும். அந்த உந்துவிசை எடையில் பெரும்பகுதியைத் தாங்கத் தொடங்கியதும் படகு மேலே எழும்பும், அடி நனையும் பரப்பு குறையும், அலை எழுப்பும் தடையும் தணியும். எஞ்சின் சத்தம்கூட அப்போது சற்றே இளகும்.

ஆனால் அந்த நிலைக்குப் போகும் வழியில் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். இந்த அளவுப் படகுகளில் அது ஏறக்குறைய 7 முதல் 12 நாட் வரை. மூக்கு தூக்கி நிற்கும், ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது மறையும், எண்ணெய் அதிகம் குடிக்கும். அந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது: ஒன்று நிதானமாகப் போக வேண்டும், இல்லை முழுக்க மேலே எழ வேண்டும். இங்கேதான் சுமை குறுக்கே வருகிறது. விற்பவரும் நீங்களும் மட்டும் ஏறிப் பார்க்கும்போது சட்டென்று எழும்பும் படகு, ஆறு பேர், ஐஸ் பெட்டி, தண்ணீர், நிறைய பெட்ரோல், நீச்சல் சாமான் என்று 500 கிலோ ஏறியதும் மேட்டிலேயே மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கும். பின்பக்கம் தொங்கும் 100 ஹார்ஸ்பவர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டுமே 160 கிலோ அளவு இருக்கும். அதோடு பெரியவர்கள் எல்லாரும் பின் இருக்கையில் அமர்ந்தால் படகு எழவே எழாது. இரண்டு பேரை முன்னால் வரச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சரி, அடியின் வடிவத்துக்கு வருவோம்.

எழும்பி ஓடுவதற்குத் தட்டையான அடி மிக வசதி. குறைந்த எஞ்சினே போதும். ஆனால் அலையில் அது அடி வாங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாத்தாம் ஃபெர்ரி கடந்து போன பிறகு, 3 விநாடிக்கு ஒரு முறை வரும் அலை உங்களை நோக்கி வருவதாக வைத்துக்கொள்வோம். ஆழமான நீரில் அந்த அலையின் நீளம் சுமார் 14 மீட்டர், வேகம் விநாடிக்கு 4.7 மீட்டர். நின்றுகொண்டிருந்தால் 3 விநாடிக்கு ஒரு முறை மெதுவாகத் தூக்கி இறக்கும். அதே அலைக்கு எதிராக 20 நாட்டில் போனால், இரண்டு வேகமும் சேர்ந்து, விநாடிக்கு ஒன்று வீதம் முட்டும். ஒவ்வொரு முறையும் முன்பகுதி காற்றில் எழும்பித் தண்ணீரில் விழும். தட்டை அடி முழுப்பரப்போடு ஒரே கணத்தில் மோதுகிறது. வி வடிவ அடியோ முதலில் கூர்முனையை இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகலத்தை இறக்குகிறது. விழும் வேகம் ஒன்றுதான். அது அடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் விசை குறையும், முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் இடுப்பு தப்பிக்கும்.

இந்த வி-யை முன்மூக்கோடு நிறுத்தாமல் பின்பக்கம் வரை கொண்டுபோனவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரே ஹண்ட். அவர் வரைந்த 'மாப்பி' என்ற படகு 1960இல் மயாமியிலிருந்து நசாவ் வரையிலான பந்தயத்தைக் கொந்தளித்த கடலில் வென்றபோது, படகு கட்டும் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று கடைகளில் சொல்லும் 'டீப் வி' அந்த வழியில் வந்தது. பின்பக்கத்தில் அடி கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே சாய்ந்திருக்கிறது என்பதுதான் அளவு. 20 டிகிரிக்கு மேல் என்றால் ஆழ்ந்த வி.

அப்படியானால் எல்லாரும் 24 டிகிரி வாங்கிவிடலாமே? கூடாது. சாய்வு கூடினால் மேலே தூக்கும் விசை குறையும். அதே வேகத்துக்குப் பெரிய எஞ்சினும் அதிக எண்ணெயும் வேண்டும். அதைவிட முக்கியமான இன்னொன்று: நிற்கும்போது அது அதிகம் ஆடும். குடும்பப் படகு பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. லாசரஸ் தீவின் ஓரம் நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, பிள்ளைகளை நீந்தவிட்டு, மூன்று மணி நேரம் நின்றால், ஓடியது அரை மணி நேரம்கூட இருக்காது.

நிற்கும் படகு கவிழாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதல் கனஅளவு நீரில் இறங்குகிறது. மிதப்புவிசையின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. இந்த நிமிர்த்தும் திறன் நீர்மட்டத்தில் படகின் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப ஏறும். அகலம் 10 விழுக்காடு கூடினால் இந்தத் திறன் ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும். அரை மீட்டர் நீளத்துக்கு ஆசைப்படுவதைவிட 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஆசைப்படுவது குடும்பத்துக்கு நல்லது.

"அங்கே பாரு, டால்ஃபின்!" என்று ஒரு பிள்ளை கத்துகிறது. ஐந்து பேர் எழுந்து ஒரே பக்கம் ஓடுகிறார்கள். 700 கிலோ படகில் 300 கிலோ ஓரத்துக்கு வந்தாயிற்று. எழுந்து நின்றதால் அந்த எடையின் உயரமும் கூடிவிட்டது. இந்த நேரத்தில் தளத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீர் இருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே பாய்ந்து சாய்வைக் கூட்டும். நாலு வாளித் தண்ணீர்கூட அலட்சியம் செய்யக் கூடியதல்ல. அதனால் தளத்தில் விழும் தண்ணீர் தானாக வெளியேறும் அமைப்பு, அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் (வேலை செய்வதாக), இடுப்பளவு உயரத்துக்கு நெருங்கிய பக்கச்சுவர், இந்த மூன்றையும் நான் பிடிவாதமாகக் கேட்பேன். படகின் உள், வெளி இரண்டு ஓடுகளுக்கும் நடுவே நுரை நிரப்பியிருந்தால் இன்னும் நல்லது; தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது. பாஸ்டன் வேலர் நிறுவனத்தார் 1961இல் தங்கள் படகை லைஃப் பத்திரிகைக்காக ரம்பத்தால் இரண்டாக அறுத்து, பாதிப் படகையே ஓட்டிக் காட்டினார்கள். விளம்பரம்தான், ஆனால் அறிவியல் சுத்தம்.

ஐரோப்பியத் தரத்தில் கட்டிய படகுகளில் ஒரு தகடு இருக்கும். அதில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்பதோடு ஓர் எழுத்தும் இருக்கும். டி என்றால் 0.3 மீட்டர் அலை அளவுக்கான அமைதியான நீர். சி என்றால் கரையோரக் கடல், 2 மீட்டர் அலை வரை. ஜோகூர் நீரிணையில் அமைதியான நாளில் டி தாக்குப்பிடிக்கலாம். ஃபெர்ரிகளும் இழுவைப் படகுகளும் குறுக்கே ஓடும் தெற்குத் தீவுகள் பக்கம் போவதென்றால் சி-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்கு முன்பிருந்து நண்பகல் வரையிலான நேரத்தில் மேற்கிலிருந்து வரும் சுமத்ரா காற்று சில நாட்களில் திடீரென்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். நாம் கிளம்பும் நேரமும் அதேதான். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நம் வெயிலுக்குத் துணிக்கூரை இல்லாமல் முடியாது, ஆனால் அடர்ந்த மேகம் சுவராக வருவதைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரே ஆள் மடித்துவைக்கும்படி அது இருக்க வேண்டும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை குட்டையாகி, செங்குத்தாக எழும். அந்த நேரத்தில் வி அடியின் அருமை தெரியும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் இங்குள்ள ஆறு பேர் குடும்பத்துக்கு நான் சொல்வது: 5.5 மீட்டர் நீளம், 2.2 மீட்டருக்குக் குறையாத அகலம், பின்பக்கம் 16 முதல் 18 டிகிரி வி, பின்னால் வெளியே தொங்கும் 90 முதல் 115 ஹார்ஸ்பவர் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். எந்தக் கடலிலும் சிறந்த படகு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் நம் தூரத்துக்கும் நம் அலைக்கும் நின்று சாப்பிடும் நம் பழக்கத்துக்கும் பொருந்தும். அந்த எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் குடிக்கும். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுபவரின் இடுப்பில் மாட்டும் சிவப்புக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தவறி விழுந்தால் அது சாவியை இழுத்து எஞ்சினை அணைக்கும். கயிறு மாட்டாவிட்டால், ஆளில்லாத படகு புரொப்பெல்லரின் இழுப்பால் ஒரு பக்கம் திரும்பி, வட்டமடித்து, விழுந்தவரிடமே திரும்பி வரக்கூடும். கிளம்பும்போதே மாட்டிவிட வேண்டும், எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்டோடு சேர்த்து.

படகுக்கும் உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கும் வேண்டும். இரண்டும் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம். ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கும் கடல் விதிகளில் ஒன்றைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது: குறுகிய கால்வாயிலும் கப்பல் பாதைகளிலும் 20 மீட்டருக்குக் குறைந்த படகு பெரிய கப்பலின் வழியை மறிக்கக் கூடாது. அது நின்று திரும்ப நேரம் பிடிக்கும்; ஒதுங்குவது நம் வேலை.

பணம் கட்டுவதற்கு முன் சோதனை ஓட்டம் கேளுங்கள். உங்கள் குடும்பத்தின் மொத்த எடைக்குச் சமமாக ஆட்களோ தண்ணீர் கேன்களோ ஏற்றச் சொல்லுங்கள். தூக்கிய மூக்கு இறங்கிப் படகு எழ எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு முழு வேகத்தில் எஞ்சினின் சுழற்சி, தயாரிப்பாளர் சொல்லும் எல்லைக்குள், பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை, வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் புரொப்பெல்லர் அந்தச் சுமைக்கு அளவு மீறியதாக இருக்கலாம். குறைந்த பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்டதாக மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கடைசியில் எஞ்சினை அணைத்து, ஏதாவது ஃபெர்ரி அலை வரும்வரை காத்திருந்து, நான்கு பேரை ஒரே பக்கம் நிற்கச் சொல்லிப் பாருங்கள்.