நனைந்தால் திறக்கும் கனியைப் படமெடுத்தல்

கூழாங்கல்லைப் போலவே தோன்றும் லித்தாப்ஸ் என்னும் சிறு செடியின் காய்ந்த கனி தண்ணீர் பட்டதும் விரிவதை வீட்டிலேயே படமெடுக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக முடியும். ஆனால், விரிவது எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் கேமராவை எங்கே குறிவைப்பது என்பது புரியும்.

தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களில் கூழாங்கற்களுக்கிடையே மறைந்து வளரும் இச்செடியை 1811இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் பர்ச்செல் கண்டு பதிவுசெய்தார். எள்ளும் பருத்தியும் காய்ந்தால் வெடிக்கும். இதன் கனியோ நனைந்தால் திறந்து, உலர்ந்தால் மூடிக்கொள்ளும். விழும் மழைத்துளிகளே விதைகளைத் தெறிக்கவிடுவதால், முளைக்க ஈரம் உள்ளபோதுதான் அவை வெளியேறுகின்றன. மிஞ்சியவை அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டெலோஸ்பெர்மா நாகுரென்ஸ் என்னும் செடியின் கனியைப் பற்றி ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இயக்கத்தை அழகாக விளக்குகிறது. கனியை மூடியிருக்கும் ஒவ்வொரு இதழின் உட்புறத்திலும் தேன்கூட்டு அறைகளாய் அமைந்த செல்கள் உண்டு. உலர்ந்திருக்கையில் அவை ஒடுங்கிக் கிடக்கின்றன. அவற்றினுள் இருக்கும் செல்லுலோஸ் படலம் நீரை உறிஞ்சி உப்பும்போது, சுவர்களின் அமைப்பு காரணமாக அந்த அறைகள் எல்லாப் பக்கமும் பருக்காமல் ஒரே திசையில் விரிகின்றன. பின்புறத் திசு அந்த அளவுக்கு நீளாததால், இதழ் வெளிப்புறமாக வளைகிறது. இத்தனைக்கும் இவை இறந்த செல்கள். இதில் உயிரின் ஆற்றல் துளியும் செலவாவதில்லை. ஆகவே, இதைச் ‘செத்த செடி உயிர்பெறும் அதிசயம்’ என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். காய்ந்த கனியை ஆராயவா பணம் என்று முகம் சுளிப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: மோட்டாரோ மின்சாரமோ இன்றி ஈரத்தால் மட்டும் மடிந்து விரியும் கருவிகளுக்கு இது நல்ல முன்மாதிரி.

இனிப் படத்துக்கு வருவோம். கேமராவை முக்காலியில் நிறுத்தி, சிறு பொருளை அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸைப் பொருத்தி, சொட்டுக்குழாயால் கனியின் நடுவில் நீர் விட்டு, சில விநாடிகளுக்கொரு படம் எடுங்கள். இதழ்கள் அசைந்துகொண்டே இருப்பதால், வெவ்வேறு குவியத்தில் எடுத்த படங்களை அடுக்கி இணைக்கும் உத்தி இங்கே பலிக்காது. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, இதழ் நுனிகள் சென்று நிற்கும் தளத்தையும் குவியத்துக்குள் கொண்டுவர வேண்டும். அதற்கு மேல் சுருக்கினால் விளிம்பு விலகலால், அதாவது சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், நுண்விவரம் மங்கும். ஒளியைப் பக்கவாட்டில் வையுங்கள். நீரின் பளபளப்பை, லென்ஸின் முன் மாட்டும் முனைவாக்க வடிகட்டி (போலரைசர்) குறைக்கும். சூடேறும் விளக்கு கனியைச் சீக்கிரமே உலர்த்திவிடும் என்பதால் எல்இடியே நல்லது. விதைகள் மிகச் சிறியவை; கனியின் அடியில் ஒரு தட்டு வைத்தால் தெறித்தவற்றைச் சேர்த்து விதைக்கலாம்.