இடது கை ஓட்டும் ரயில்

பூகி வூகி என்ற அமெரிக்கப் பியானோ இசையின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்ட வாசகர், “பியானோ வாசித்தது ஒருவரா, இரண்டு பேரா?” என்று கேட்டிருந்தார். ஒருவர்தான். இரண்டாவது ஆள், அவருடைய இடது கை.

இந்த இசை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், டெக்சாஸ், லூசியானா பகுதி பைன் காடுகளில் முளைத்தது. மரம் வெட்டும் முகாம்களின் சாராயக் கொட்டகைகளில் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். மைக்கும் டிரம்ஸும் கிடையாது. ஆட்டத்துக்கும் கூச்சலுக்கும் ஒரே பியானோ ஈடுகொடுக்க வேண்டும், தாளமும் அதுவே போட வேண்டும். பிழைப்புத் தேடி வடக்கே போனவர்களோடு இசையும் சிகாகோ போனது. 1928 டிசம்பரில் பியானோக் கலைஞர் பைன்டாப் ஸ்மித் அங்கே பதிவுசெய்த இசைத்தட்டு ‘பூகி வூகி’ என்ற பெயரைப் பரப்பியது. சிகாகோவில் டாக்சி ஓட்டிய மீட் லக்ஸ் லூயிஸும் ஆல்பர்ட் அம்மன்ஸும் 1938இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசையரங்கமான கார்னகி ஹாலில் வாசித்தார்கள்.

சரி, அந்த இடது கைக்கு வருவோம். நான்கு தாள அடிக்கு எட்டுத் தட்டு. பெரும்பாலும் ஒன்று நீளம், ஒன்று குட்டை. கேட்டால் தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குவது போலிருக்கும். அது பாட்டுக்கு ஓடும். வலது கை அதன்மேல் தன்னிஷ்டத்துக்குக் கணக்கை மாற்றும்.

இரு கைகளும் வெவ்வேறு கணக்கில் போவது எப்படியிருக்கும் என்று மேசையில் தட்டிப் பாருங்கள். மெதுவாக ஆறு வரை எண்ணுங்கள். வலது கைக்கு 1, 3, 5. இடது கைக்கு 1, 4. முதலில் ஒரு கை மற்றதை இழுத்துக்கொண்டு போகும். இரு கைகளையும் ஆட்டுவிக்கும் மூளையின் இரு பாதிகளும் தடித்த நரம்புக் கற்றையால் பிணைந்தவை. தனித்தனியாக எண்ணப் பார்த்தால் தடுமாறுவோம். ‘இரண்டும், வலது, இடது, வலது’ என்று ஒரே பின்னலாகக் கேட்டால் சட்டென்று பிடிபடும். எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று, மேசையை விட்டு எழ மனமில்லை!



பியானோக்காரர்கள் இடது கையை மட்டும் மாதக்கணக்கில் பழக்குவார்கள். சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறோமே, அதுபோல, வாசித்தபடியே பேச முடிகிற வரை. அதற்குள் அந்த வேலையில் பெரும்பங்கை மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா போன்ற பகுதிகள் ஏற்றுக்கொண்டிருக்கும். கவனமெல்லாம் வலது கைக்கு மிச்சம்.

பேஸ்பால் மைதானத்தில் புல்தரை பராமரித்த சிகாகோ கலைஞர் ஜிம்மி யான்சியிடம் இன்னொரு வேடிக்கை உண்டு. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் கடைசியில் ஈ-ஃபிளாட் என்ற சுருதிக்குத் தாவித்தான் முடிப்பார்.