மலை இறங்கும் காலுக்கு என்ன மருந்து?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் முட்டி வலியோடு பிசியோவிடம் வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இதைத்தான்: "ஏறும்போது ஒண்ணும் தெரியலை, இறங்கும்போதுதான் உயிர் போகுது." தேயிலைச் சரிவில் இலை பறிக்கும் அம்மாவும் இப்படிச் சொல்வார், சமவெளியிலிருந்து ஓட்டப் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவரும் சொல்வார். மூச்சுக்கும் இதயத்துக்கும் ஏற்றம் கடினம். தசைக்கும் மூட்டுக்கும் இறக்கம் கடினம். விளையாட்டுக் காயங்களைத் தடுக்கவும் குணப்படுத்தவும் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தரும் அறிவியலில் பெரும்பகுதியை இந்த இறக்கத்தை வைத்தே விளக்கிவிடலாம்.

முதலில் விசையைப் பார்ப்போம். ஜெர்மனியில் செயற்கை முட்டி பொருத்தப்பட்ட சிலருக்கு, அந்த மூட்டுக்குள்ளேயே அளவுமானியை வைத்து, நடக்கும்போது எவ்வளவு விசை விழுகிறது என்று நேரடியாக அளந்தார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் இறங்கினால், ஒவ்வொரு அடியிலும் முட்டி 200 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், ஊட்டி நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். இடையிலுள்ள 400 மீட்டரை மாடிப்படியாக எண்ணினால் இரண்டாயிரம் படிக்கு மேல் வரும்.

அந்த விசையை யார் தாங்குகிறார்கள்? பெரும்பாலும் தொடையின் முன்பக்கத் தசைகள். மசினகுடிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஓட்டுநர் வண்டியைக் குறைந்த கியரில் போட்டு, எஞ்சினையே பிரேக்காக ஆக்கிக்கொள்வாரே, தொடையும் இறக்கத்தில் அதைத்தான் செய்கிறது. ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. இப்படி நீண்டுகொண்டே வேலை செய்யும்போது தசையால் அதிக விசை தர முடியும், செலவாகும் ஆற்றலோ குறைவு. அதனால்தான் இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலான தசை இழைகளே வேலைக்கு வருவதால், ஒவ்வொரு இழையும் சுமக்கும் பாரம் கூடிவிடுகிறது. இழைக்குள் இருக்கும் மிக நுண்ணிய சுருங்கு அலகுகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி இழுபட்டு ஒழுங்கு குலைகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்யத் தொடங்கும்போது அழற்சி வரும், வீக்கம் வரும், அப்புறம் வலி வரும். இந்த வலி உடனே வராது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும்.

இதை லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று இன்னும் பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அந்த அமிலத்தின், அதாவது லாக்டேட்டின், அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சேதத்தால்தான் இந்தத் தாமத வலி வருகிறது என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902லேயே எழுதிவிட்டார்.

அதே இறக்கத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இறங்கினால் வலி மிகக் குறைவாகவே இருக்கும். ஒருமுறை அளவாகப் பட்ட அடியிலிருந்து தசை தன்னைத் திருத்திக்கொள்கிறது, அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கிறது. மலை ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி ஓடுவதும், சமவெளியிலிருந்து வந்தவர் ஒரே நாள் இறக்கத்தில் படுத்துவிடுவதும் இதனால்தான். காயப்படுத்தும் சுமையும் காக்கும் சுமையும் ஒன்றேதான். வேறுபாடு அளவில் இருக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் படிப்பு.

இதை என் மனதில் ஆழமாகப் பதித்தது சுவீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பியல் மருத்துவரின் கதை. அவருக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், தீராத வலி. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிக் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை வலியோடு வலியாகத் தொடர்ந்து செய்தார். தசைநாண் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது. அதன்பின் பொழுதுபோக்காக விளையாடும் 15 பேருக்கு ஒருநாளைக்கு இரு வேளை, ஒரு பயிற்சிக்கு 15 முறை வீதம் மூன்று சுற்று, 12 வாரம் கொடுத்துப் பார்த்து 1998ல் வெளியிட்டார். எல்லாரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். தசைநாணில் இருக்கும் உயிரணுக்கள் இழுவிசையை உணரக்கூடியவை. இழுவை வந்தால் அவை புதிய கொலாஜன் புரதத்தை உண்டாக்குகின்றன, இழுவை இல்லாவிட்டால் தசைநாண் மெலிகிறது. குதிகால் வலிக்கு ஆறு மாதம் ஓய்வெடுத்தும் ஓட ஆரம்பித்த முதல் வாரமே வலி திரும்பி வந்தது என்பவர்களுக்கு நடந்தது இதுதான்.

கணுக்கால் சுளுக்கின் கதை இன்னும் நுட்பமானது. மேடுபள்ளமான மைதானத்தில் பந்துக்குத் தாவிய பையனின் பாதம் உட்பக்கமாகப் பிரளும். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் வெளிப்பக்கத்து முன் ஜவ்வு முதலில் இழுபடும், சில சமயம் கிழியும். பிரள்வதைத் தடுக்க வேண்டியவை காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பெரோனியஸ் தசைகள். கால் திடீரென்று சாய்ந்ததும் செய்தி தண்டுவடத்துக்குப் போய்த் திரும்பி, இந்தத் தசைகள் விழித்துக்கொள்ள 60 முதல் 80 மில்லிநொடி ஆகிறது. அந்த விழிப்பு இழுவிசையாக மாற மேலும் சில மில்லிநொடிகள். அதற்குள் பாதம் வெகுதூரம் பிரண்டிருக்கும். அப்படியானால் ஒற்றைக்காலில் நிற்கும் சமநிலைப் பயிற்சி எப்படிச் சுளுக்கைக் குறைக்கிறது? பயிற்சி பெற்ற கால் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகளை இறுக்கி வைத்துக்கொள்கிறது, பாதத்தைச் சரியான கோணத்தில் வைக்கிறது. அனிச்சைச் செயலின் வேகத்தைக் கூட்டுவதைவிட, முன்கூட்டியே தயாராக இருப்பதைத்தான் அந்தப் பயிற்சி மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

குளிரும் இதில் சேரும். தோலும் காலும் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் நரம்புச் செய்தியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை குறைகிறது. ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும் ஊட்டிக் காலையில், கை காலை உதறிவிட்டு நேராக ஆட்டத்தில் இறங்குவது ஆபத்து. இங்கே வார்ம் அப் சமவெளியைவிட நீளமாக இருக்க வேண்டும்.

சரி, சுளுக்கிவிட்டது. என்ன செய்வது? எலும்பு முறிந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கனடாவின் ஒட்டாவாவில் 1992ல் வகுத்த எளிய விதிகள் இதற்கு உண்டு. அடிபட்ட உடனேயும், பரிசோதிக்கும்போதும் நான்கு எட்டு எடுத்துவைத்து நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டுகளின் பின் விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தி நிற்கும் எலும்பிலோ, உள்ளோரத்தில் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை சுளுக்கு வழிப்பவரிடம் போக வேண்டாம். அவர்கள் கைப்பழக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் கிழிந்த ஜவ்வைச் சுற்றி ரத்தக் கசிவு நின்றிருக்காது, அழுத்தி வழித்தால் வீக்கம் கூடும்.

முழு ஓய்வும் ஐஸும் என்ற பழைய அறிவுரையை 1978ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, அவை குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014ல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். கிழிந்த ஜவ்வில் முதல் சில நாள் அழற்சி, அடுத்த சில வாரம் புதிய கொலாஜன் தாறுமாறாகப் பின்னப்படுவது, அப்புறம் பல மாதங்கள் அந்தப் பின்னல் இழுவிசையின் திசையில் ஒழுங்காவது என்று வேலை நடக்கிறது. இழுவிசையே வராவிட்டால் அந்த இழைகளுக்குத் திசை தெரியாது. அதனால்தான் எலும்பு முறிவு இல்லாத சுளுக்கில், வலி பொறுக்கும் அளவுக்குச் சீக்கிரமே காலை ஊன்றி நடக்கச் சொல்கிறோம்.

"அக்கா, இப்போ வலியே இல்லை, ஞாயித்துக்கிழமை ஆடட்டுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினம். வலி ஜவ்வு உறுதியாகும் முன்பே போய்விடும். மறுபடி சுளுக்குவதற்கு மிகப்பெரிய காரணங்களில் ஒன்று முன்பு சுளுக்கியிருப்பது. ஆகவே நாள்கணக்கை மட்டும் பார்க்காமல் காலைச் சோதிக்க வேண்டும். ஒற்றைக்காலில் குதிகாலை எத்தனை முறை உயர்த்த முடிகிறது, ஒற்றைக்காலில் தாவினால் அடிபடாத காலின் தூரத்தில் குறைந்தது 90 விழுக்காடு வருகிறதா, திடீரென்று திரும்பி ஓடும்போது தயக்கம் தெரிகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். முட்டியின் முன் சிலுவை ஜவ்வுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் செய்து 2016ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவசரப்படும் பிள்ளையையும் பெற்றோரையும் உட்காரவைத்து இந்த ஒரு எண்ணைப் பொறுமையாக விளக்கினால் கேட்டுக்கொள்வார்கள்.

இதைப் படிக்க விரும்பும் மலைப்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனில் விளையாட்டுச் சிகிச்சை தனிப் பட்டப்படிப்பு, பெரும்பாலும் மூன்று ஆண்டு. நம் ஊரில் வழி வேறு. பிளஸ் டூவில் உயிரியல் படித்து, பிசியோதெரபி இளநிலை முடித்து, அப்புறம் முதுநிலையில் விளையாட்டுப் பிரிவை எடுப்பதே வழக்கமான பாதை, முதுநிலை இரண்டு ஆண்டு. இளநிலை நீண்ட காலமாக நாலரை ஆண்டுப் படிப்பாக இருந்தது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறிவருவதால், சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு உடற்கூறியலில் பலர் திணறுவார்கள். அதைக் கடனே என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போகாதீர்கள். எந்த ஜவ்வு எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தால்தான் பின்னாளில் மைதானத்து ஓரத்தில் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். இயக்கவியல் பாடத்தில் வரும் திருப்புவிசைக் கணக்குகளும் அப்படியே. தொட்டபெட்டாவிலிருந்து ஊருக்கு இறங்கும் ஒவ்வொரு முட்டியிலும் அந்தக் கணக்கு இருக்கிறது.

தடுப்பைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். கால்பந்தாட்டக்காரர்களுக்காக உருவாக்கிய, ஃபிஃபா 11 பிளஸ் என்று அழைக்கப்படும் 20 நிமிட வார்ம் அப் இருக்கிறது. மெதுவான ஓட்டம், பிறகு வலிமை, தாவல், சமநிலைப் பயிற்சிகள், கடைசியில் வேக ஓட்டம். தொடையின் பின்பக்கத் தசையை நீளவிட்டுப் பிடிக்கும் பயிற்சியும் இதில் உண்டு: முட்டி போட்டு நிற்க, கூட்டாளி குதிகாலைப் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னால் சாய்க்க வேண்டும். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்பிள்ளைகளிடம் நடத்தி 2008ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. நம் மலைப் பள்ளிகளின் விளையாட்டு ஆசிரியர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். இதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. பந்தும், கொஞ்சம் சமதரையும், பக்கத்தில் நின்று "முட்டி உள்ளே போகுது பார், நேரா வை" என்று சொல்ல ஓர் ஆளும் இருந்தால் போதும். முதல் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குத் தொடை வலிக்கும், ஆகவே போட்டிக்கு முந்தைய வாரத்தில் ஆரம்பிக்காமல், பருவம் தொடங்குவதற்கு ஒன்றரை மாதம் முன்பே குறைந்த எண்ணிக்கையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.