டேம்பர் எதை நனைக்கிறது?

இந்த வருடத்தில் இது நான்காவது முறை. திருத்தித் தரச் சொல்லி ஒரு மாணவர் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தின் தலைப்பு: ‘சீர்மிகு திரவ ஈரப்படுத்திகளின் இயந்திர நடத்தை’. காரின் குலுக்கலை அடக்கும் டேம்பர் என்ற கருவி பற்றிய ஆய்வு அது. அங்கே நனைய என்ன இருக்கிறது?

ஆங்கில ‘டேம்ப்’புக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘ஈரம்’ என்ற பொருளை எடுத்துப் போட்டதால் வந்த வினை. டேம்ப் என்பதற்குப் பழைய பொருள் ஆவி, புகை. ஜெர்மனில் டாம்ஃப் இன்றும் நீராவிதான். பிறகு நெருப்பை மூச்சுத் திணறடித்து அடக்குவது என்று ஆனது. ஈரம் கடைசியில் வந்து ஒட்டியது. உலைப் புகைபோக்கியில் காற்றைக் குறைக்கும் தகட்டுக்கும் டேம்பர் என்றே பெயர். ‘அடுப்பைத் தணிச்சு வை’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே வேலை. ஆகவே தணிப்பான்.

டேம்பரை ‘ஒடுக்கி’ என்பவர்களோடுதான் எனக்குத் தீராத வழக்கு. தமிழ்ச்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வேதியியல் பாடநூலில் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினையாக ஒடுக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய குறை, இந்தக் கருவி எதையும் ஒடுக்குவதில்லை. சுருள்வில் வாங்கிய ஆற்றலைத் திருப்பி உதைக்கும். தணிப்பான் அதை எண்ணெயின் உராய்வில் சூடாக்கிக் கரைத்துவிடும். மேடுபள்ளத்தில் ஓடி வந்த பைக்கின் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுக்கும்.

மாணவர் ‘சீர்மிகு திரவம்’ (ஸ்மார்ட் ஃப்ளூயிட்) என்று எழுதிய, காந்தத்தில் இறுகும் எண்ணெய் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ உருவாக்கியது. 2002இல் கேடிலாக் செவில் காரில் ஏறியது. எண்ணெயில் மைக்ரான் அளவு இரும்புத் துகள்கள் மிதக்கும். சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தமானதும் அவை சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, சில மில்லிசெக்கண்டில் எண்ணெய் கூழாகிவிடும். மின்னோட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் பிஸ்டன் அசையாமல் முழுக் குலுக்கலும் நேராக இருக்கைக்கு வரும். ஒடுக்கியாயிற்று, தணியவில்லை!

போதாததற்குத் தலைப்பில் ‘நடத்தை’ வேறு. எண்ணெய்க்கு யாராவது நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? விசை இயல்பு என்றால் போதும். பிங்காம் மாதிரி என்ற எளிய கணக்கின்படி, குறிப்பிட்ட விசையைத் தாண்டும்வரை எண்ணெய் இளகாது; பிறகு வேகத்துக்கேற்ப எதிர்ப்பு கூடும். ஆனால் வேகம் குறைவான இடத்தில், போகும்போது ஒரு வழி, திரும்பும்போது வேறு வழி என்று விசை–வேக வரைபடம் கண்ணியாகச் சுழல்கிறது. அதைப் பிடிக்கத்தான் இத்தகைய கண்ணிகளுக்கான பூக்–வென் கணித மாதிரியை 1997இல் ஸ்பென்சர் குழுவினர் விரித்தார்கள். இந்தக் கண்ணிக்குப் (ஹிஸ்டெரிசிஸ்) பாடநூலில் பெயர் ‘தயக்கம்’. அப்படிப் பெயர் வைத்தவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

‘காந்தத்தில் இறுகும் எண்ணெய்த் தணிப்பான்களின் விசை இயல்பு’ என்று திருத்தி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: “சீர்மிகு எங்க சார் போச்சு?”