இரண்டு முள்ளும் ஒன்றாகப் படுத்துவிட்டால்

பழைய காரில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நாளில் படுத்துவிட்டால், மீட்டர்களைக் கழற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்து கெடுவது மிக அரிது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் போயிருக்கும்.

1967-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-ஐ எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றைப் போலவே இதிலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். பெயர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டு மீட்டருக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது.

மீட்டருக்குள் காந்தம் கிடையாது. வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்றும், அதன்மேல் சுற்றிய மெல்லிய கம்பியும்தான் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தன் கடல் கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்த அதே இரட்டை உலோகப் பட்டை! கம்பியில் மின்சாரம் ஓடினால் பட்டை சூடாகி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். சூடேற நேரம் பிடிப்பதால் முள் நிதானமாகத்தான் ஏறும். வளைவில் திரும்பும்போது டாங்கில் பெட்ரோல் அலைந்தாலும் முள் ஆடாமல் நிற்பது இந்தச் சோம்பலால்தான்.

ஆனால் பேட்டரி 12 வோல்ட் தரும், டைனமோ ஓடும்போது அது 14-ஐத் தொடும். அப்படியே விட்டால் எஞ்சின் வேகத்துக்கேற்ப பெட்ரோல் அளவும் மாறித் தெரியும். அதற்குத்தான் ஸ்டெபிலைசர். அதற்குள்ளும் ஒரு இரட்டை உலோகப் பட்டைதான்: சூடானால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். பேட்டரி வோல்டேஜ் கூடினால் சீக்கிரம் சூடாகி, சீக்கிரம் துண்டிக்கும். விட்டுவிட்டு வரும் இந்த மின்சாரம் சராசரியாக 10 வோல்ட்டுக்குச் சமம். மீட்டர் மந்தமானது என்பதால் துடிப்பு அதற்குத் தெரிவதில்லை. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாமல் இதைச் சாதித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, பழுதைத் தேடுவோம். இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிகிறதா? அவையும் இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பச்சை ஒயர்கள் எல்லாம் ஒரே ஃபியூஸிலிருந்து வருபவை. விளக்குகள் எரிந்தால், ஸ்டெபிலைசருக்குள் நுழையும் பச்சை ஒயரில் டெஸ்ட் லாம்பை (மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சின்ன பல்பு) வையுங்கள். அங்கே வெளிச்சம் வந்தால், வெளியேறும் இளம்பச்சை ஒயருக்கு மாற்றுங்கள். மினுக்மினுக்கென்று எரிந்தால் பெட்டி நலம். எரியவே இல்லையென்றால் உள்ளே இணைப்பு முனைகள் கருகியிருக்கும். இந்தச் சோதனைக்கு டிஜிட்டல் மீட்டரை விட பல்புதான் நல்லது. மீட்டரில் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும்.

மினுக்காமல் ஒரேயடியாக எரிந்தால்? பெட்டியின் எர்த், அதாவது கார் உடலின் உலோகத்தோடு அதற்குள்ள மின் இணைப்பு, போயிருக்கலாம். எர்த் இல்லாமல் உள்ளே பட்டை சூடாகாது. முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போய், இரண்டு முள்ளும் அளவுக்கு மேல் காட்டும். பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் துருவைச் சுரண்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

ஒரு முள் மட்டும் படுத்திருந்தால் கதை வேறு. எஞ்சின்மேல் உள்ள வெப்ப சென்சாரின் பச்சை-நீல ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒயர் நுனியை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். முள் ஏறத் தொடங்கினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றினால் போதும். முள் கோடிக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் பட்டை கெட்டுவிடும். பெட்ரோல் டாங்கின் பச்சை-கறுப்பு ஒயருக்கும் இதே சோதனைதான். ஆனால் அங்கே பொறி பறக்கக் கூடாது. சாவியை அணைத்துவிட்டு, டாங்கிலிருந்து தள்ளி ஒயரை எர்த்தில் இறுக்கமாகக் கட்டி, அப்புறம் சாவியைப் போடுங்கள். முள் நகர அரை நிமிடம்கூட ஆகலாம், பொறுத்துப் பாருங்கள்.