கெரடைட்டிஸ்: கண்ணில் முளைத்த மரத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் இருந்த ஒரு வரிதான் இதை எழுத வைத்தது. "ஹெர்பெட்டிக் கெரடைட்டிஸ், வலது கண்" என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போய்விட்டு களுவாஞ்சிக்குடிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு கொப்பியை நீட்டி, "இது என்ன வருத்தமெண்டு தமிழில சொல்லு மனே" என்றார். கண்ணில கிருமி என்றேன். "அது எனக்கும் தெரியும், பேரச் சொல்லு" என்றார். பெயர் எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் நாலைந்து கிடைத்தன, ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலைந்து.

முதலில் அந்தப் பிறமொழிச் சொல்லை உடைத்துப் பார்ப்போம். கெராஸ் என்றால் கிரேக்கத்தில் கொம்பு. மாட்டுக்கொம்பு, ஆட்டுக்கொம்பு அந்தக் கொம்புதான். பின்னால் ஒட்டியிருக்கும் ஐட்டிஸ் கிரேக்கத்தில் வெறுமனே 'சார்ந்தது' என்ற பொருளில் இருந்த வால். சிவந்து, வீங்கி, சூடேறி, நோகிற எல்லாவற்றுக்கும் வைத்தியர்கள் அதை ஒட்டி ஒட்டி இன்றைக்கு அந்த வாலே ஒரு நோயின் பொருளைப் பெற்றுவிட்டது. அது சரி, கண்ணுக்குள் கொம்பு எங்கிருந்து வந்தது? கண்ணின் முன்பக்கத்தில், கறுப்புக்கு மேலே, மணிக்கூட்டின் கண்ணாடி மாதிரி வளைந்து ஒரு படலம் இருக்கிறது. அதன் லத்தீன் பெயரான கோர்னியாவும் கொம்பிலிருந்து வந்ததுதான், லத்தீனில் கோர்னு என்றால் கொம்பு. எருமைக் கொம்பைக் கடதாசி மாதிரி மெல்லியதாகச் சீவி வெயிலுக்குப் பிடித்தால் வெளிச்சம் ஊடே வரும், ஆனால் லேசில் கிழியாது. கண்ணாடி விலையாக இருந்த காலத்தில் ஐரோப்பாவில் விளக்குக் கூண்டுகளுக்கு அப்படிச் சீவிய கொம்பைத்தான் பொருத்தினார்கள். ஒளியும் வர வேண்டும், காவலும் வேண்டும் என்றால் அவர்கள் மனதில் வந்தது கொம்பு. எருமைத் தயிருக்குப் பெயர்போன ஊர்க்காரர் நமக்கு இந்த உவமை ஒன்றும் தூரமில்லை. (பக்கத்து வீட்டு அக்கா, "கரட் திண்டாச் சரியாகுமாம், பேரிலயே கரட் இருக்குதே" என்றார். அது வேறு, இது வேறு. விற்றமின் ஏ குறைந்தால் இதே படலம் கரைந்துபோகும் ஒரு நோய் இருப்பது உண்மைதான், ஆனால் பெரியம்மாவுக்கு வந்தது அதுவல்ல.)

இனி தமிழுக்கு வருவோம். ஐட்டிஸுக்கு அழற்சி, அதில் பிரச்சினையே இல்லை. அழல் என்றால் நெருப்பு, அழற்சி நெருப்பாய் எரிகிற நிலை. சித்த வைத்தியர்கள் தாபிதம் என்பார்கள், அதிலும் இருப்பது சூடுதான். சண்டை எல்லாம் கோர்னியாவில்தான். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் விழிவெண்படலம் என்று படித்தோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் கருவிழி என்று எழுதுகிறார்கள். ஒரே உறுப்புக்கு ஒரு பெயரில் வெண்மை, மற்றதில் கருமை! விழிவெண்படலம் என்று பெரியம்மாவிடம் சொன்னேன், உடனே கண்ணின் வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். அவரில் பிழை இல்லை, யாரும் அதைத்தான் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் படலத்துக்கு நிறமே கிடையாது, அது வெள்ளையானால் நோய் என்று அர்த்தம். கருவிழி என்றால் நாம் காண்கிற கறுப்பு வட்டம், அதாவது உள்ளேயிருக்கும் கதிராளியும் நடுவிலிருக்கும் கண்மணியும் சேர்ந்தது. அதை மூடியிருக்கும் கண்ணாடி அதற்குள் அடங்காது. எனக்குப் பிடித்தது கருவிழிப்படலம். கறுப்பின் மேல் போர்த்திய படலம் என்று சொல்லே இடத்தைக் காட்டிவிடுகிறது, விரலும் சரியான இடத்துக்குப் போகிறது. ஆக, கெரடைட்டிஸ் கருவிழிப்படல அழற்சி.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்கான சொற்களையும் உண்டாக்கினார். அவ்வளவு காலத்துக்கு முன்னரே நடந்த காரியம் அது. இன்றைக்கும் கொப்பியில் ஒரு வரி தமிழில்லை. சரி, அதை விடுவோம்.

பெயரில் மற்றப் பாதி ஹெர்பெட்டிக், ஹெர்பெஸ் என்ற வைரசால் வந்தது என்று அர்த்தம். வைரசு என்றால் லத்தீனில் நஞ்சு, அதைப் பார்த்துத்தான் நச்சுயிரி என்றும் தீநுண்மி என்றும் ஆக்கினார்கள். நல்ல சொற்கள், ஆனால் கொரோனாவுக்குப் பிறகு வைரசு என்றால் ஆச்சிமாருக்கும் விளங்குகிறது, அதனால் நான் அதை மாற்றப் போவதில்லை. ஹெர்பெஸ் கிரேக்கத்தில் ஊர்தல், தவழ்தல். தோலில் ஊர்ந்து படர்வதால் வந்த பெயர். அகராதிகள் இதற்கு அக்கி என்று போடுகின்றன. அக்கியின் வேர் அக்கினி, இங்கேயும் நெருப்பு! ஆனால் அக்கி என்றால் நம் ஆட்களுக்கு நெஞ்சிலோ முதுகிலோ ஒரு பக்கமாக வரிசை கட்டி வரும் கொப்புளங்கள்தான் நினைவுக்கு வரும். அது சின்ன வயதில் கொப்புளிப்பான் தந்த அதே வைரசு நரம்பில் பதுங்கிக் கிடந்து வயதான பிறகு எழும்புவது. பெரியம்மாவுக்கு வந்தது அதே குடும்பத்தில் இன்னொன்று, காய்ச்சலோடு உதட்டோரம் பொக்குளம் போடுகிற எளிய ஹெர்பெஸ். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அண்ணன் போனில் ஹெர்பெஸ் என்று தேடிவிட்டு முகம் சிவந்து போனைக் கவிழ்த்து வைத்தான். பாலுறவு நோய் என்று வந்ததாம். அது பெரும்பாலும் இரண்டாம் வகை. கண்ணுக்கு வருவது பெரும்பாலும் முதலாம் வகை, சிறு வயதில் யாரோ கொஞ்சினபோது எச்சிலில் வந்து சேர்ந்திருக்கும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் ஊரில் கண் சிவந்தால் எல்லாமே கண்நோய். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்து ஒரு கிழமையில் வகுப்பே கண்ணைக் கசக்குகிறதே, அது அநேகமாக அடினோ வைரசு. அதற்கென்று தனி மருந்தில்லை, இரண்டு மூன்று கிழமையில் தானாக ஆறும், கை கழுவுவதும் துவாய், தலையணையை வேறாக்குவதும்தான் வேலை. சிலருக்கு மட்டும் அது கருவிழிப்படலத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளை விட்டுப்போகும், மாதக்கணக்கில் வெளிச்சம் கூசும். ஹெர்பெஸ் அப்படிக் கூட்டமாக வருவதில்லை. வழமையாக ஒரு கண்ணில் வரும், போகும், மறுகா அதே கண்ணுக்குத் திரும்பி வரும், ஏனென்றால் அது முகத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அறுப்புக் காலத்தில் நெல்லோ தாளோ கண்ணில் கீறி வருவது மூன்றாவது கதை, அதில் பூஞ்சணம் பற்றக்கூடும், மருந்தே வேறு.

பெரியம்மாவுக்கு மாரிப்போக அறுப்பு நேரத்தில்தான் வந்தது. படுவான்கரை வயலில் நின்றவர், சுணை பட்டுவிட்டது என்று நினைத்தார். கண்ணுக்குள் மண் கிடந்த மாதிரி, வெளிச்சம் பார்க்க ஏலாது, தண்ணீராய் ஓடியது. துண்டில்லாமல் ஒரு பாமசியில் துளி மருந்து வாங்கி விட்டார்கள். இரண்டு நாளில் சிவப்பு வடிந்தது, எல்லாருக்கும் சந்தோசம். நாலாம் நாள் புகார் மூடின மாதிரி ஆகிவிட்டது. அந்தக் குப்பியில் இருந்தது ஸ்டெரொயிட். அது அழற்சியை அடக்கும், அதனால் கண் வெளுக்கும், கண்ணின் காவலும் சேர்ந்து அடங்கும், வைரசு கேட்பாரின்றி விளையும்.

கண் வைத்தியர் செம்மஞ்சள் சாயம் தொட்ட ஒரு தாளைக் கண்ணில் ஒற்றிவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தாராம். புண்ணான இடமெல்லாம் பச்சையாய் ஒளிரும். ஹெர்பெஸ் புண் மற்றப் புண்களைப் போல வட்டமாய் இராது, கிளை விட்டுக் கிளை விட்டு, ஒவ்வொரு நுனியிலும் ஒரு மொட்டு வைத்து, இலையுதிர்ந்த மரம் மாதிரி நிற்கும். ஆங்கிலத்தில் அதற்கு டென்ட்ரைட்டிக் அல்சர் என்று பெயர், டென்ட்ரொன் என்றால் கிரேக்கத்தில் மரம். தமிழில் கிளைப்புண் என்று தாராளமாகச் சொல்லலாம். ஸ்டெரொயிட் பட்டு அது பரந்து கரைகள் கோணலாகிவிட்டால் நிலப்படப் புண். வானத்திலிருந்து எடுத்த மட்டக்களப்பு வாவியின் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். பஞ்சு நூலால் படலத்தை ஒள்ளுப்பம் தொட்டும் பார்ப்பார்கள். நல்ல கண் உடனே சிமிட்டும். இந்த நோய் வந்த கண் மந்தமாக இருக்கும், நரம்பிலேயே கை வைக்கிற நோய் என்பதால். அதனால்தான் திரும்பி வரும்போது நோ குறைவாய் இருந்து ஆட்கள் பிந்திப் போகிறார்கள்.

மருந்து அசைக்ளோவிர். 3 வீதக் களிம்பு, நாளைக்கு 5 தரம், புண் ஆறிய பிறகும் சில நாள். சில நாடுகளில் கன்சிக்ளோவிர் ஜெல்லும் உண்டு, வேண்டியபோது குளிசையாகவும் கொடுப்பார்கள். 1962 வரை இதற்கு உருப்படியாக எதுவுமில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஹெர்பர்ட் கவுஃப்மன் ஐடொக்சூரிடீன் துளியால் இதே கண்புண்ணை ஆற்றிக் காட்டினார். மனிதரிடம் வேலை செய்த முதல் வைரசு மருந்து அதுதான் என்பார்கள், அதுவும் தொடங்கியது கண்ணில். ஆனால் அது நல்ல கலத்தையும் தாக்கும். அசைக்ளோவிரின் கெட்டித்தனம் வேறு. நல்ல கலத்துக்குள் அது கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். வைரசு தன் நொதியால் அதைத் தட்டி எழுப்ப வேண்டும், எழும்பியதும் அது வைரசின் பெருக்கத்தையே நிறுத்திவிடும். அதன் பின்னாலிருந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஸ்டெரொயிட்டை முழுக்கத் திட்டவும் முடியாது. நோய் மேற்தோலைத் தாண்டி உட்படைக்கு இறங்கினால் அங்கே கெடுதி செய்வது வைரசை விட நம் உடம்பின் எதிர்ப்புத்தான். அப்போது வைரசு மருந்தின் காவலோடு அதே ஸ்டெரொயிட்டை அளந்து கொடுப்பார்கள், மெல்ல மெல்லக் குறைப்பார்கள். நடுவில் அரை மில்லிமீற்றரை விடச் சற்றுத்தான் கூடிய தடிப்புள்ள ஒரு படலம் அது. அதில் மேல் படை என்றால் அந்தத் துளி எதிரி, உள் படை என்றால் அதே துளி துணை. பெயரில் படலம் என்ற சொல் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் காரணம். அக்கி முகத்தில் வந்து மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்கும் வரப்போகிறது என்று எண்ணி 72 மணித்தியாலத்துக்குள் குளிசை தொடங்கப் பார்ப்பார்கள், மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்புக் கிளை.

ஆறாமல் தழும்பாகிப் போனால் அதற்கு எந்த அகராதியும் தேவையில்லை. கண்ணில் பூ விழுந்தது என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். இரத்தக் குழாயே இல்லாமல், காற்றிலிருந்து ஒட்சிசன் எடுத்துத் தெளிவாய் இருந்த படலம் வெளுப்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பூ பெரிதானால் இறந்தவர் தந்த படலத்தை மாற்றிப் பொருத்துவதுதான் வழி. மனிதக் கண்ணில் படலம் மாற்றுவதை 1905இல் எட்வார்ட் சிர்ம் முதலில் வெற்றியாய்ச் செய்தார். நம் நாட்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா கண்தான சங்கத்தைத் தொடங்கி, 1964இலேயே சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார், பிறகு எத்தனையோ நாடுகளுக்கு. மாற்றிய படலத்திலும் இந்த வைரசு திரும்பி வரலாம் என்பதால் குளிசை தொடரும்.

பெரியம்மாவின் மரம் ஆறிவிட்டது, பூ விழவில்லை. முன்னமும் இரண்டு தரம் அதே கண் சிவந்ததென்று கேட்டபோதுதான் சொன்னார், அதனால் காலையும் மாலையும் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் குளிசை, ஒரு வருடத்துக்கு. 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அப்படி எடுத்தவர்களில் 19 வீதத்தினருக்கும், மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களில் 32 வீதத்தினருக்கும் அந்த ஒரு வருடத்தில் நோய் திரும்பியது. கொப்பியில் ஆங்கில வரிக்குக் கீழே 'கருவிழிப்படல அழற்சி, ஹெர்பெஸ் வைரசு, கிளைப்புண். ஸ்டெரொயிட் துளி விடமுதல் கேட்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார், தலையாட்டினார். விசாரிக்க வருபவர்களிடம் மட்டும் "என்ட கண்ணுக்குள்ள மரம் முளைச்சிட்டுது புள்ள" என்கிறார்.